பேலஸ்ட் தண்ணீரும் பதிவேட்டுக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகக் கிளம்பும் கப்பல் அப்படியே கடலில் போக முடியாது. புரொப்பெல்லர் பாதி வெளியே தெரியும். அலையில் உடல் முறுக்கிக்கொள்ளும். அதனால் இறக்கும் துறைமுகத்தில் கடல் தண்ணீரைத் தொட்டிகளில் ஏற்றிக்கொண்டு, ஏற்றும் துறைமுகத்தில் இறைத்துவிடுகிறார்கள். அதுதான் பேலஸ்ட். அந்தத் தண்ணீரோடு சிப்பிக் குஞ்சும் பாசியும் காலரா கிருமியும் ஊர்விட்டு ஊர் போவதைத் தடுக்க, ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) 2004 பிப்ரவரியில் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. 2017 செப்டம்பர் 8 முதல் அது அமலில் இருக்கிறது. இந்த ஒப்பந்தம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

எங்கள் ஆற்றில் 'காக்கா ஆழி' என்று ஒரு கறுப்புச் சிப்பி மண்ணையே மூடிவிட்டது. மஞ்ச மட்டி கிடைப்பதில்லை, இறாலும் குறைந்துவிட்டது. இது கப்பல் தண்ணீரில் வந்தது என்கிறார்கள். உண்மையா? இந்தச் சட்டத்தால் இதை ஒழிக்க முடியுமா? — எண்ணூர் வாசகர்

நீங்கள் சொல்வது மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்ற தென்னமெரிக்கச் சிப்பி. கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் சிங்கப்பூரில் ஜொகூர் நீரிணைப் பக்கமும் இதே சிப்பி பரவியிருக்கிறது. கடலைக் கடந்து வர அதற்குக் கப்பலை விட்டால் வேறு வழி குறைவு. ஆனால் கப்பலில் இரண்டு வாசல் உண்டு. ஒன்று தொட்டித் தண்ணீர், இன்னொன்று கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வருவது. எந்தக் கப்பல், எந்த வாசல் என்று பின்னால் நிரூபிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். பேலஸ்ட் ஒப்பந்தம் முதல் வாசலை மட்டும்தான் அடைக்கிறது. அடிப்பக்க ஒட்டுயிர்களுக்கு ஐ.எம்.ஓ. 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டு 2023இல் திருத்தியிருக்கிறது. அது கட்டாயச் சட்டம் அல்ல.

வந்து வேரூன்றியதை இந்தச் சட்டம் ஒழிக்காது. ஒழித்த கதை ஒன்று உண்டு. 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் கறுப்புவரிச் சிப்பி பரவியது. விசாகப்பட்டினத்தில் 1960களிலேயே காணப்பட்ட அதே இனம். அந்தப் படகுத்துறைகளுக்கு நீர்க்கதவு இருந்தது. கதவை மூடி, பிளீச்சிங் திரவமும் மயில்துத்தமும் கொட்டி, உள்ளே இருந்த உயிர் எல்லாவற்றையும் சேர்த்தே கொன்று, சில வாரங்களில் ஒழித்தார்கள். உங்கள் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்குக் கதவு போட முடியாது. மருந்து கொட்டினால் மிச்சம் இருக்கும் இறாலும் போய்விடும். கையால் வாரி அள்ளுவதுதான் அங்கே வழி. வாரியதைக் கரையில் காயப்போட வேண்டும். ஆற்றின் வேறொரு பக்கம் கொட்டினால் நாமே பரப்பியதாகிவிடும்.

டி-1, டி-2 என்று படிக்கிறோம். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? ஒரு மில்லிலிட்டருக்கு 10 உயிரினம் என்பது மிகக் கடுமையான அளவா? — கடல்சார் கல்லூரி மாணவர், சென்னை

டி-1 என்பது மாற்றுவது. துறைமுகத்தில் ஏற்றிய தண்ணீரை நடுக்கடலில் கொட்டி, நடுக்கடல் தண்ணீரை நிரப்புவது. கரையிலிருந்து 200 கடல் மைல், ஆழம் 200 மீட்டர். அது முடியாவிட்டால் 50 கடல் மைல், அதே 200 மீட்டர் ஆழம். கொள்ளளவில் 95 சதவீதமாவது மாறியிருக்க வேண்டும். தொட்டியைக் காலி செய்யாமல் ஒரு பக்கம் பம்ப் செய்து மறுபக்கம் வழியவிட்டால், தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு ஓடவிட வேண்டும்.

டி-2 என்பது சுத்திகரிப்பது. வெளியே விடும் தண்ணீரில் எவ்வளவு உயிர் இருக்கலாம் என்பதற்கு எண் வைத்துவிட்டார்கள். 50 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ளவை ஒரு கன மீட்டருக்கு 10க்குக் குறைவு. 10 முதல் 50 மைக்ரானுக்குள் உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்கு 10க்குக் குறைவு. அதோடு ஈ.கோலை 100 மில்லிலிட்டருக்கு 250க்குக் குறைவு, குடல் என்டெரோகாக்கை 100க்குக் குறைவு, நச்சுக் காலரா கிருமி 1க்குக் குறைவு.

இரண்டு பத்தும் ஒரே பத்து என்று நினைத்துத் தேர்வில் கோட்டை விடுகிறார்கள். ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் மில்லிலிட்டர். எனவே மில்லிலிட்டருக்கு 10 என்றால் கன மீட்டருக்கு ஒரு கோடி. பெரிய உயிருக்கு 10, சிறிய உயிருக்கு ஒரு கோடி. கடுமையா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் அமலுக்கு வந்த பிறகு கட்டத் தொடங்கிய கப்பல்கள் ஆரம்பத்திலிருந்தே டி-2. பழைய கப்பல்களுக்குத் தவணை கொடுத்தார்கள். அதுவும் 2024 செப்டம்பர் 8உடன் முடிந்தது. இப்போது டி-1 என்பது பெரும்பாலும் இயந்திரம் கைவிடும்போது எடுக்கும் மாற்று வழி.

துறைமுக நாட்டு ஆய்வாளர் ஏறினால் பேலஸ்ட் விஷயத்தில் முதலில் எதைப் பார்க்கிறார்? எதில் மாட்டுகிறோம்? — சீஃப் ஆபீசர், தூத்துக்குடி

ஆய்வு நான்கு படியாகப் போகும். முதல் படியில் காகிதமும் பேச்சும். இரண்டாவதில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்வார். மூன்றாவதில் கையடக்கக் கருவியால் உடனடி மாதிரி. நான்காவதில் ஆய்வகச் சோதனை. பெரும்பாலான கப்பல்கள் முதல் படியிலேயே தேறிவிடும், அல்லது அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

காகிதம் மூன்று. 400 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்குச் சர்வதேசச் சான்றிதழ், உங்கள் கப்பலுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மேலாண்மைத் திட்டம், பேலஸ்ட் பதிவேடு. சான்றிதழ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். இடையில் வருடாந்தர ஒப்புகைக் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் சான்றிதழ் இருந்தும் இல்லாத மாதிரி. திட்டத்தில் பொறுப்பு அதிகாரி என்று யார் பதவி எழுதியிருக்கிறதோ அவரைத்தான் கூப்பிடுவார். 'அதெல்லாம் தேர்டு இன்ஜினியர் பார்த்துக்கொள்வார்' என்று நீங்கள் சொன்னால் அங்கேயே இரண்டாம் படி ஆரம்பித்துவிட்டது.

பதிவேடுதான் முக்கால்வாசிப் பேரை மாட்டவைப்பது. ஆய்வாளர் நுண்ணோக்கி எடுத்துவரத் தேவையில்லை, கால்குலேட்டர் போதும். ஓர் உதாரணம். தொட்டிக் கொள்ளளவு 1,200 கன மீட்டர். வழியவிடும் முறையில் மாற்றினால் 3,600 கன மீட்டர் ஓட வேண்டும். பம்ப் மணிக்கு 800 என்றால் நாலரை மணி நேரம். கப்பல் 12 நாட் வேகத்தில் (மணிக்கு 12 கடல் மைல்) போனால் அதற்குள் 54 கடல் மைல் நகர்ந்திருக்கும். பதிவேட்டில் இரண்டு மணி நேரம் என்று எழுதி, ஆரம்ப இடத்துக்கும் முடிவு இடத்துக்கும் 20 மைல் வித்தியாசம் காட்டினால், தண்ணீரைத் தொடாமலே பொய் தெரிந்துவிடும். ஆரம்ப இடத்தை மட்டும் எழுதி முடிவு இடத்தை விட்டிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

அடுத்தது, பதிவேட்டையும் இயந்திரத்தின் நினைவகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சுத்திகரிப்பு இயந்திரம் 24 மாதக் கணக்கைத் தன்னுள் வைத்திருக்க வேண்டும். எப்போது ஓடியது, எந்த அலாரம், எந்த வால்வு எப்போது திறந்தது எல்லாம் அதில் இருக்கும். அது பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் பதியும். நீங்கள் கப்பல் நேரத்தில் எழுதுவீர்கள். சென்னையில் இரவு 23:40 என்று நீங்கள் எழுதியது அங்கே 18:10 என்று இருக்கும். அது தப்பில்லை. ஆனால் எந்த நேரம் என்று குறிக்காமல், சில பதிவு ஒன்றிலும் சில பதிவு மற்றொன்றிலும் இருந்தால், விளக்கிச் சொல்வதற்குள் ஆய்வாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். இன்னொரு வழக்கமான ஓட்டை: நினைவகத்தில் பைபாஸ் வால்வு (தண்ணீரை இயந்திரத்துக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் வால்வு) 17 நிமிடம் திறந்திருந்தது என்று இருக்கும், பதிவேட்டில் ஒரு வரி இருக்காது. பம்ப் ஓட ஆரம்பித்து இயந்திரம் சூடாகும் வரை பைபாஸில் விட்டிருப்பார்கள். பழக்கம்தான். ஆனால் காகிதத்தில் அது சுத்திகரிக்காத தண்ணீர்.

2025 பிப்ரவரி 1 முதல் பதிவேட்டின் அமைப்பே மாறிவிட்டது. ஏற்றினால் ஏ, கடலில் விட்டால் பி, மாற்றினாலோ தொட்டிக்குள்ளேயே சுத்திகரித்தாலோ சி, கரை நிலையத்தோடு கொடுக்கல் வாங்கல் என்றால் டி, விபத்து அல்லது விதிவிலக்கு ஈ, இயந்திரக் கோளாறு எஃப், தொட்டி சுத்தம், வண்டல் அகற்றல் ஜி, மற்றவை ஹெச். பழைய புத்தகத்தில் பக்கம் மிச்சம் இருக்கிறதே என்று அதிலேயே தொடர்ந்தவர்களும் உண்டு. அது ஒரு குறை. ஒவ்வொரு பதிவிலும் பொறுப்பு அதிகாரி கையெழுத்து, முடிந்த ஒவ்வொரு பக்கத்திலும் கேப்டன் கையெழுத்து.

2025 செப்டம்பர் முதல் நவம்பர் வரை கப்பல் ஆய்வுக்கென்று கூட்டுச் சேர்ந்த பாரிஸ், டோக்கியோ உடன்படிக்கை நாடுகள் சேர்ந்து பேலஸ்டுக்கென்றே தனி ஆய்வு இயக்கம் நடத்தின. அதோடு முடிந்தது என்று புத்தகத்தை மூடி வைத்துவிடாதீர்கள். கேள்வி கேட்கப் பழகிய ஆய்வாளர் அதை மறக்க மாட்டார்.

பதிவேட்டை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்? — தேர்டு ஆபீசர், நாகர்கோவில்

கடைசிப் பதிவுக்குப் பிறகு கப்பலில் 2 வருடம். அதன்பின் கம்பெனி கையில் 3 வருடம்.

எங்களுடையது ஃபில்டரும் யூவியும் (புற ஊதா விளக்கும்) உள்ள இயந்திரம். ஹால்டியா மாதிரி சேற்றுத் துறைமுகத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஃபில்டர் அடைத்துக்கொள்கிறது, 'யூவி குறைவு' என்று அலாரம் அடிக்கிறது. சரக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே இருந்து 'பைபாஸ் போடு' என்கிறார்கள். என்ன செய்வது? — செகண்ட் இன்ஜினியர், காரைக்கால்

முதலில் எது நடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சேற்றால் வந்தாலும் வைத்தியம் வேறு.

ஃபில்டர் பொதுவாக 40 அல்லது 50 மைக்ரான். முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஏறினால் தானே எதிர்ப்பக்கம் கழுவிக்கொள்ளும். அந்தக் கழுவலுக்கு உள்ளே வரும் தண்ணீரில் போதிய அழுத்தம் வேண்டும். இங்கேதான் பழைய கப்பல்களின் வினை. அவற்றின் பம்ப் சுத்திகரிப்பு இயந்திரமே இல்லாத காலத்தில் பொருத்தியது. தண்ணீரை நிறையத் தள்ளும், அழுத்தம் தராது. கழுவல் அரைகுறையாக நடக்கும், சேறு வலையிலேயே தங்கும், மறுபடி கழுவல், மறுபடி அடைப்பு. ஓட்டத்தைக் குறைத்து, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள வால்வைக் கொஞ்சம் நெருக்கினால் உள்ளழுத்தம் ஏறும்; கழுவல் உருப்படியாக நடக்கும். கழுவல் தண்ணீர் வெளியே போகும் குழாயில் வால்வு முழுதாகத் திறக்கிறதா, அழுத்தமானி இரண்டும் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். மானிக்குப் போகும் சின்னக் குழாய் சேற்றில் அடைந்து, இல்லாத வித்தியாசத்தைக் காட்டுவதும் உண்டு.

யூவி குறைவு வேறு சங்கதி. விளக்கு பழசாகியிருக்கலாம், அதன் மணிக்கணக்கு திரையில் இருக்கும். விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் படிவம் ஏறியிருக்கலாம். கம்பெனி சொன்ன அமிலக் கரைசலில் கழுவினால் போகும். இரண்டும் சரி என்றால் தண்ணீரே ஒளியைக் குடிக்கிறது. சேறு மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். இலை, மரப்பட்டை ஊறிய ஆற்றுத் தண்ணீர் கண்ணுக்குத் தேநீர் வடிகட்டியது போலத் தெளிவாக இருக்கும், யூவிக்கு அது கறுப்பு. ஓட்டத்தைக் குறைத்தால் ஒவ்வொரு சொட்டும் விளக்குக்கு முன்னால் அதிக நேரம் நிற்கும், அலாரம் அடங்கும்.

அதோடு, அடியில் உள்ள கடல்வாயை மூடி மேல்வாயிலிருந்து இழுங்கள். கடல் ஏற்றம் வடிந்து ஆறு வேகமாக ஓடும் நேரத்தைத் தவிர்த்து, தண்ணீர் நிற்கும் நேரத்தில் பெரிய தொட்டிகளை நிரப்புங்கள். துறைமுகத்தில் கப்பலின் பாதுகாப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஏற்றிக்கொண்டு மிச்சத்தை வெளியே போய் ஏற்றிக்கொள்ளலாமா என்று சீஃப் ஆபீசரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பல கப்பல்கள் பழக்கத்தால் தேவைக்கு மேல் ஏற்றுகின்றன.

இவ்வளவும் செய்து முடியாவிட்டால்தான் பைபாஸ். இதற்கு ஐ.எம்.ஓ. 2024இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பைபாஸ் கடைசி வழி. முயன்றதற்கு ஆதாரம் வேண்டும். அந்த முறை உங்கள் மேலாண்மைத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். பைபாஸில் ஏற்றிய தொட்டியும், அதற்குப் போகும் குழாயும் கெட்டதாகக் கணக்கு. நடுக்கடலில் அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டும், மாற்றும்போது நல்ல தண்ணீர் இயந்திரம் வழியாகவே உள்ளே வர வேண்டும். வெறுமனே மாற்றினால் போதாது, இரண்டும் சேர்ந்துதான். அதைச் செய்யாமல் அடுத்த துறைமுகத்தில் நல்ல தண்ணீரை அதே தொட்டியில் ஊற்றினால் அதுவும் கெட்டது.

'மேலே இருந்து பைபாஸ் போடச் சொன்னார்கள்' என்பதற்கு: அலாரம் விவரம், எடுத்த முயற்சி, நேரம், சொன்னவர் பதவி எல்லாவற்றையும் எஃப் பதிவில் எழுதி, கம்பெனிக்கு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். எழுதிய பைபாஸை ஆய்வாளர் விசாரிப்பார். எழுதாத பைபாஸைப் பார்த்தால் புத்தகம் முழுவதையும் நம்ப மாட்டார்.

எங்கள் இயந்திரம் மின்னாற்பகுப்பு வகை (கடல் தண்ணீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் உண்டாக்குவது). 'டி.ஆர்.ஓ. சென்சார் கோளாறு' அடிக்கடி வருகிறது. — ஈ.டி.ஓ. (கப்பலின் மின் அதிகாரி), திருநெல்வேலி

பத்தில் பல முறை சென்சார் நன்றாகவே இருக்கும். அதற்கு ஊற்றும் மருந்துதான் காலாவதி. டி.ஆர்.ஓ. என்பது தண்ணீரில் மிச்சம் இருக்கும் குளோரின் வகை ஆக்சிடன்ட். அதை அளக்க டி.பி.டி. என்ற வேதிப்பொருளைக் கலந்து, வரும் இளஞ்சிவப்பின் அடர்த்தியைப் பார்க்கிறது கருவி. அந்தப் பொடியையும் கரைசலையும் கலந்த பிறகு ஆயுள் குறைவு. எஞ்சின் அறைச் சூட்டில் இன்னும் குறைவு. கலந்த தேதியைப் புட்டியில் மார்க்கரால் எழுதுங்கள், மாற்றுப் புட்டிகளைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், காலாவதியைப் பார்த்து முன்கூட்டியே இன்டென்ட் போடுங்கள். மாதிரி வரும் சின்ன வடிகட்டி அடைந்திருந்தாலும் இதே அலாரம் வரும்.

இன்னும் மூன்று இடத்தைக் கவனியுங்கள். இந்த வகைக்கு உப்பு வேண்டும். ஆற்றுத் தண்ணீரில் மின்னழுத்தம் ஏறும், குளோரின் வராது. அதற்காகத்தான் கப்பலின் பின்முனையில் உள்ள பின்பீக் தொட்டியில் கடல் தண்ணீர் வைத்துக்கொள்வது. ஆற்றுத் துறைமுகம் போவதற்கு முன் அது நிறைந்திருக்க வேண்டும். மிகவும் குளிர்ந்த தண்ணீரிலும் உற்பத்தி குறையும், சூடேற்ற வேண்டிவரும். இரண்டாவது, வெளியே விடும்போது மிச்ச ஆக்சிடன்ட் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சோடியம் தயோசல்ஃபேட் கலந்து முறிக்கும் பம்ப் வேலை செய்யவில்லை என்றால், அந்நிய உயிரைக் கொன்ற குளோரினால் உள்ளூர் உயிரையும் கொல்வோம். மூன்றாவது ஹைட்ரஜன். மின்னாற்பகுப்பில் அது வந்தே தீரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஊதும் விசிறியை அலாரம் தொல்லை என்று பைபாஸ் செய்யும் ஆளை எஞ்சின் அறையில் விடாதீர்கள்.

பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பலில்) மேல்தொட்டித் தண்ணீரை நேராக வெளியே விட்டுவிடுகிறோம், பம்பே வேண்டாம். இது சரியா? — போசன், ராமநாதபுரம்

இயந்திரத்தைப் பொறுத்தது. யூவி இயந்திரங்கள் ஏற்றும்போதும் இறக்கும்போதும் தண்ணீரை விளக்கு வழியாக அனுப்புவதாகவே அங்கீகாரம் பெற்றவை. மேல்தொட்டி வால்வைத் திறந்து நேராக விட்டால் இரண்டாவது சிகிச்சை கிடையாது, விதிமீறல். குளோரின் வகையில் மிச்ச ஆக்சிடன்ட்டை அளக்காமல், முறிக்காமல் விடுவது அதேபோல் தப்பு. திட்டத்தில் அந்த வால்வுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பூட்டி சீல் வைக்கச் சொல்லியிருந்தால் சீல் எண் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

கப்பல் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் 'பேலஸ்ட் இயந்திரம் பழுது' என்று தந்தி மாதிரி ஒரு வரி வருகிறது. ஏஜென்ட்டாகிய நான் என்ன கேட்க வேண்டும்? — சென்னை

நான்கு கேள்வி. எப்போது பழுதானது, அதற்குப் பின் எந்தெந்தத் தொட்டியில் எவ்வளவு ஏற்றினார்கள்? பழுதுக்கு முன் சுத்திகரித்த தண்ணீர் எது? கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும் கிளாஸுக்கும் (கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம்) சொல்லியாயிற்றா, பதில் எழுத்தில் இருக்கிறதா? இங்கே இறைத்தே ஆக வேண்டுமா, எவ்வளவு?

இந்தப் பதில்களோடு கப்பல் வருவதற்கு முன்னாலேயே துறைமுக அதிகாரியிடம் போனால் வழிகள் திறக்கும். நடுக்கடலில் மாற்றிக்கொண்டு வரச் சொல்லலாம்; தொட்டிக்குத் தொட்டி உள்ளேயே மாற்றிக்கொள்ளச் சொல்லலாம்; ஏற்றிய இடத்திலேயே கொட்டச் சொல்லலாம்; கரை நிலையம் இருந்தால் அதில் விடச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் துறைமுகத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கப்பலைத் துறைமுக மேடையில் கட்டிய பிறகு சொன்னால் மிச்சம் இருக்கும் வழி ஒன்றுதான்: இறைக்காமல் நிற்பது. இறைக்காமல் சரக்கு ஏற்ற முடியாது, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஓடும்.

எங்கள் கப்பலின் கொடி நாடு ஒப்பந்தத்தில் சேரவில்லை என்றால் தப்பித்துவிடலாமா? அமெரிக்காவும் சேரவில்லையாமே? — சிங்கப்பூர் வாசகர்

தப்பிக்க முடியாது. சேராத நாட்டுக் கப்பலுக்குச் சலுகை காட்டக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. சான்றிதழுக்குப் பதில் இணக்கச் சான்று என்று ஒன்று காட்ட வேண்டிவரும், மற்றபடி அதே ஆய்வுதான். சிங்கப்பூர் 2017இலேயே சேர்ந்துவிட்டது.

அமெரிக்கா சேரவில்லை என்பது சரி; ஆனால் அங்கே சட்டம் இன்னும் இறுக்கம். கடலோரக் காவல்படை தானே தனியாக இயந்திரங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. முதல் அங்கீகாரம் 2016 டிசம்பரில்தான் கிடைத்தது. எண்கள் ஐ.எம்.ஓ. எண்கள்தான், ஆனால் அளவுகோலில் ஒரு சொல் வித்தியாசம். யூவி பட்ட உயிர் உடனே சாகாது, இனம் பெருக்க முடியாமல் போகும். அப்படிப்பட்டதைச் செத்ததாகக் கணக்கு வைக்க அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பல யூவி இயந்திரங்களில் அமெரிக்கா போகும்போது தனி முறைக்கு மாற்ற வேண்டும். விளக்கு அதிகம் எரியும், ஓட்டம் குறையும், சில வகைகளில் தண்ணீரைத் தொட்டியில் குறிப்பிட்ட நேரம் வைத்திருக்கவும் வேண்டும். அந்த முறையில் ஏற்றாத தண்ணீரை அங்கே போய்ச் சரிசெய்ய முடியாது. அடுத்த பயணம் எங்கே என்று தெரியாதபோது கடுமையான முறையிலேயே ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். துறைமுகம் சேர்ந்த 6 மணி நேரத்துக்குள் பேலஸ்ட் அறிக்கை போய்ச்சேர வேண்டும். அமெரிக்கா – கனடா எல்லையில் உள்ள பெரிய ஏரிகளுக்குப் போகிறவர்களுக்கு வேறு கெடு.

எல்லாக் கப்பலிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் தீர்ந்தது. ஏன் செய்வதில்லை? — மதுரை வாசகர்

நியாயமான கோபம். ஒரு கன மீட்டருக்கு 10 உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாட்டில் தண்ணீர் போதாது. வெளியேறும் குழாயில் தனியாக வைத்த மாதிரிக் குழாயிலிருந்து ஆயிரம் லிட்டராவது வலையில் வடிகட்ட வேண்டும். பிறகு அதில் இருப்பது உயிரோடிருக்கிறதா செத்ததா என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தாமதித்தால் உயிரோடிருந்ததும் செத்துவிடும். பாக்டீரியா வளர்த்துப் பார்க்க நாளாகும். ஒப்பந்தமோ, சோதனை முடிவுக்காகக் கப்பலைத் தேவையில்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது. வீணாக நிறுத்தினால் நஷ்டஈடும் கேட்கலாம். முடிவு வரும்போது கப்பல் மலாக்கா நீரிணையைத் தாண்டியிருக்கும்.

அதனால்தான் பாசியின் பச்சையத்தை ஒளியால் அளக்கும் கையடக்கக் கருவிகள் வந்தன. சில நிமிடத்தில் 'மிக அதிகம்' என்று சொல்லும். எல்லைக்கு அருகே இருந்தால் திணறும். மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம் என்றால் பிடிக்கும், பதினொன்று என்றால் பிடிக்காது. பெரிய திருடனைப் பிடிக்க அது போதும் என்பது எங்கள் எண்ணம். அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

எளிய சோதனையையும் முழுதாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு செயின்ட் லாரன்ஸ் கால்வாய் சாட்சி. 1980களில் சீப்ரா சிப்பி புகுந்து தண்ணீர்க் குழாய்களை அடைத்த பெரிய ஏரிகளுக்கு அதுதான் வாசல். அங்கே கடலிலிருந்து வரும் கப்பலின் பேலஸ்ட் தொட்டிகளை, காலி என்று சொல்லும் தொட்டி உட்பட, பரிசோதிக்கிறார்கள். முக்கியக் கருவி உப்புமானி. ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு கண்ணாடிச் சில்லு. ஆயிரத்துக்கு 30 பங்கு உப்பு இல்லையென்றால் அந்தத் தொட்டி தேறவில்லை. நன்னீர் உயிர் அந்த உப்பில் பிழைக்காது என்பதுதான் கணக்கு. சென்னை, எண்ணூர் போன்ற உப்புக்கடல் துறைமுகத்துக்கு இந்த உப்புமானி உதவாது.

டிரை டாக்கில் பேலஸ்ட் தொட்டியைத் திறந்தால் முழங்கால் அளவு சேறு. கழுவிக் கடலில் விட்டுவிடலாமா? — ஃபிட்டர், கடலூர்

கூடாது. நச்சுப் பாசிகளின் உறங்கும் விதைகள் அந்தச் சேற்றில்தான் இருக்கும். அங்கேயே வருடக்கணக்கில் தாங்கும், நல்ல தண்ணீர் பட்டால் முளைக்கும். ஃபில்டர் இருந்தும் சேறு சேருவதற்குக் காரணம், 40 மைக்ரானைவிடப் பொடியான களிமண் வலையில் நிற்பதில்லை. தொட்டி சுத்தம் செய்யும், பழுது பார்க்கும் துறைமுகங்களில் வண்டலை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மூட்டையில் அள்ளி, எடை போட்டு, யார்டில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஜி பதிவில் அளவையும் இடத்தையும் எழுதி, ரசீதைப் பதிவேட்டோடு வையுங்கள்.

உள்ளே இறங்குவதற்கு முன் ஒன்று. மூடிக் கிடந்த பேலஸ்ட் தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றிருக்கும். வாடை எதுவும் வராது. மேன்ஹோல் இரண்டையும் திறந்து காற்று ஊதி, மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் மீட்டர் 20.9 சதவீதம் ஆக்சிஜன் காட்டிய பிறகு, பெர்மிட்டில் கையெழுத்தான பிறகு இறங்குங்கள். சேற்றைக் கிளறும்போது அடியில் அடைபட்ட வாயு வெளியே வரும். மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலேயே தொங்கவிடாமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.